பதுங்கறையில் ஒரு வரலாற்று விவாதம்

உக்ரைனுக்கு விமானம் கிடையாது. 2022 பிப்ரவரி 24-இலிருந்து அந்த நாட்டின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியே கிடக்கிறது. போலந்தின் எல்லை ஊரான ப்ஷெமிஷலுக்குப் போய், அங்கே கடவுச்சீட்டு வரிசையில் நின்று, ரயில் பிடித்துத்தான் உள்ளே போக வேண்டும். என் வரிசையில் பெண்களும் குழந்தைகளும் பாட்டிமார்களுமாகவே இருந்தார்கள். படையில் சேரும் வயதிலுள்ள ஆண்கள் சிறப்பு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது. அறிவுலகத்தையும் இந்த விதி பாதித்திருக்கிறது. வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் உக்ரைனைப் பற்றிப் பேச வருபவர்களில் பெண்களே அதிகம். ஆண் ஆய்வாளர்கள் பலர் கணினித் திரையில்தான் முகம் காட்டுகிறார்கள். சிலர் ஆய்வை நிறுத்திவிட்டுச் சீருடை அணிந்திருக்கிறார்கள்.

நான் போனது அந்த நாட்டு மக்கள் தங்கள் வரலாற்றைப் பேசுவதைக் கேட்க. இந்தப் போருக்கு முன்னோடியாக வந்ததே ஒரு வரலாற்றுக் கட்டுரைதான். 2021 ஜூலை 12 அன்று விளாதிமிர் புதின் தன் பெயரில் அதை வெளியிட்டார். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள், இன்றைய உக்ரைன் சோவியத் காலம் உண்டாக்கியது என்பது அதன் சாரம். ஏழு மாதம் கழித்துப் படைகள் எல்லை தாண்டின. உங்களுக்கென்று தனி வரலாறே இல்லை என்று சொல்லப்பட்ட மக்கள், ஏவுகணைகளுக்கு நடுவே அந்த வரலாற்றை எப்படிப் பேசுவார்கள்? எதிரிக்கு மறுப்புச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்களா, தங்கள் பக்கத்துக் குற்றங்களையும் எடுத்து வைப்பார்களா? இந்தக் கேள்வியோடுதான் லிவிவ், கீவ், கார்கிவ் என்று மேற்கிலிருந்து கிழக்காகப் பயணம் செய்தேன்.

லிவிவ் நகரம் வெளிப்பார்வைக்கு அமைதியாக இருக்கிறது. ட்ராம் வண்டிகள் ஓடுகின்றன, காபிக் கடைகளில் இடம் கிடைப்பதில்லை. ஆஸ்திரியப் பேரரசு, போலந்து, சோவியத், நாஜி ஜெர்மனி, மறுபடி சோவியத் என்று கைமாறிக்கொண்டே வந்த ஊர் இது. உக்ரைன் வரலாற்றெழுத்தின் மூலவரான மிகைலோ ஹ்ருஷெவ்ஸ்கி 1894-இல் இங்கே பேராசிரியராக வந்து, தன் பத்துத் தொகுதி வரலாற்றை எழுதத் தொடங்கினார். இடைக்காலக் கீவ் அரசின் மரபை மாஸ்கோவின் முன்கதையாக்கும் பழைய சட்டகத்தை மறுத்து அவர் கட்டுரை எழுதியது 1904-இல். புதினின் கட்டுரைக்கு நூறாண்டுக்கு முன்பே பதில் இருந்தது என்று உக்ரைனியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதே ஊரில் சட்டம் படித்தவர்கள் இரண்டு பேர். மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற கருத்தாக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்த ஹெர்ஷ் லாட்டர்பாக்ட் ஒருவர். இனப்படுகொலை என்பதற்கான சொல்லை உருவாக்கிய ரஃபேல் லெம்கின் மற்றவர். இருவரும் யூதர்கள். இருவருடைய குடும்பங்களும் நாஜிகளால் அழிக்கப்பட்டன. 1930-களின் உக்ரைன் பஞ்சத்தை இனப்படுகொலை என்றே வகைப்படுத்தி லெம்கின் 1953-இல் நியூயார்க்கில் உரையாற்றியிருக்கிறார். இன்று இந்த இரண்டு சொற்களும் லிவிவில் பேருந்து நிறுத்தத்தில்கூடக் காதில் விழுகின்றன.

நகர வரலாற்று மையம் என்றொரு ஆய்வு நிறுவனம் இங்கே 2004 முதல் இயங்குகிறது. போர் தொடங்கிய நாட்களில் அது தன் அறைகளைக் கிழக்கிலிருந்து ஓடிவந்தவர்களுக்குத் தங்க ஒதுக்கியது. கூடவே இன்னொரு வேலையையும் தொடங்கினார்கள். டெலிகிராம் குழுக்களில் மக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகளைச் சேமிப்பது. எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எங்கே மருந்து கிடைக்கும், யாரிடம் வண்டி இருக்கிறது என்று எழுதப்பட்டவை மறுநாளே அழிந்துபோகக்கூடியவை. முப்பது ஆண்டு கழித்து இந்தப் போரை எழுதப்போகும் வரலாற்றாளருக்கு அரசு அறிக்கைகளைவிட இவை பெரிய சான்று. வீட்டில் அகதிகளையும் வைத்துக்கொண்டு அந்தக் குழப்பத்தில் இதை யோசித்தவர்களை வணங்கத் தோன்றியது.

லிவிவில் ஒரு மாலை, புத்தகக்கடை ஒன்றின் பின்னறையில் கூட்டம். பேசுபொருள் வொலின் 1943. உக்ரைன் கிளர்ச்சிப் படை என்ற தேசியவாத ஆயுதப்படை, அந்த ஆண்டில் வொலின் பகுதியின் போலந்துக் கிராமங்களைத் தாக்கிப் பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்று குவித்தது. ஜூலை 11 ஒரே நாளில் ஏறத்தாழ நூறு ஊர்கள் தாக்கப்பட்டன. வொலினிலும் அதை ஒட்டிய கிழக்குக் கலீசியாவிலும் சேர்த்து ஒரு லட்சம் போலந்தியர் வரை கொல்லப்பட்டதாகப் போலந்து வரலாற்றாளர்கள் கணக்கிடுகிறார்கள். பதிலடியில் உக்ரைனியரும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சோவியத்துக்கு எதிராக 1950-கள் வரை போராடியதும் இதே படைதான். அதனால் இன்றைய போர்வீரர்கள் பலருக்கு அது வீரத்தின் அடையாளம். லட்சக்கணக்கான உக்ரைன் அகதிகளுக்கு வீடு கொடுத்த போலந்துக்கோ, அது ஆறாத புண்.

முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், நிற்பதற்கும் இடமில்லை. எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் ஓர் ஆய்வு மாணவி. பேச்சாளர் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும், எல்லாருடைய கைப்பேசியும் ஒரே சமயத்தில் அலறியது. வான் தாக்குதல் எச்சரிக்கை. யாரும் பதறவில்லை. நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கினார்கள். கீழே பதுங்கறை. பழைய செங்கல் வளைவுக் கூரை, சுவரோரம் தண்ணீர்க் கேன்கள், ஒரு மூலையில் பத்துப் பதினைந்து கைப்பேசிகள் செருகிய மின்பலகை, குழந்தைகளுக்காக ஒரு பெட்டி நிறைய வண்ணப் பென்சில். ஒலிபெருக்கி மேலேயே நின்றுவிட்டது. பேச்சாளர் குரலை உயர்த்தி, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார்.

கேள்வி நேரத்தில் முதலில் கையைத் தூக்கியவர் ஒரு கால் செயற்கைக் காலாக இருந்த இளைஞர். “என் கொள்ளுத்தாத்தா அந்தப் படையில் இருந்தார். எங்கள் வீட்டில் அவர் படம் மாட்டியிருக்கிறது. 1943-இல் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள நான் எந்த ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும்?” என்று கேட்டார். அறை அடங்கிவிட்டது. பேச்சாளர் சுற்றிவளைக்கவில்லை. பழைய சோவியத் உளவுத்துறைக் கோப்புகள் உக்ரைன் பாதுகாப்புச் சேவையின் காப்பகத்தில் இருக்கின்றன, யாரும் கேட்டுப் பார்க்கலாம், பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் எழுதி அனுப்புங்கள் என்றார். பிறகு, விசாரணையில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களும் அந்தக் கோப்புகளில் உண்டு, அதனால் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். ஒரு மூதாட்டி எழுந்து, போர் முடிகிறவரை இதையெல்லாம் பேசாமல் இருக்கக் கூடாதா, மாஸ்கோ தொலைக்காட்சி இதை நாளைக்கே எடுத்துப் போடுமே என்று கோபப்பட்டார். அந்த இளைஞர்தான் அவருக்குப் பதில் சொன்னார்: “பாட்டி, நாம் பேசாவிட்டாலும் அவர்கள் போடத்தான் போகிறார்கள். நாம் பேசினால் உண்மையாவது இருக்கும்.”

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 ஏப்ரல் 9 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் ஒரே நாளில் நான்கு சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றில் ஒன்று, அந்த உளவுத்துறைக் காப்பகங்களைத் திறந்துவிட்டது. முன்னாள் சோவியத் நாடுகளில் இவ்வளவு தாராளமாகத் திறந்தவை குறைவு. மற்றொன்று, கிளர்ச்சிப் படை உள்ளிட்ட விடுதலைப் போராளிகளை மரியாதைக் குறைவாகப் பேசுவது சட்டவிரோதம் என்றது. உக்ரைனிலும் வெளியிலும் உள்ள ஆய்வாளர்கள் பலர் திறந்த மடல் எழுதி அதை எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்தது சரி. கோப்பைத் திறந்து கொடுத்துவிட்டு, அதில் இருப்பதைச் சொல்லாதே என்று தடுப்பது ஆய்வுக்குக் கேடு. ஆனால் அந்தப் பதுங்கறையில் சட்டத்தைப் பார்த்துப் பயந்தவர் யாரையும் நான் காணவில்லை. கொல்லப்பட்ட போலந்தியரின் எலும்புகளைத் தோண்டி எடுக்கும் பணி 2017 முதல் முடங்கிக் கிடந்தது. அதுவும் 2025 ஏப்ரலில் தெர்னோபில் பகுதியின் புஷ்னிக்கி என்ற அழிந்த கிராமத்தில் மறுபடி தொடங்கியிருக்கிறது. போலந்தியரும் உக்ரைனியரும் சேர்ந்து தோண்டினார்கள்.

மறுநாள் லிச்சாகிவ் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் ட்ராம் நின்றது. ஒரு படைவீரரின் இறுதி ஊர்வலம். தெருவில் போனவர்கள், கையில் பையோடு நின்ற பெண்கள், கடைக்காரர் எல்லாரும் நடைபாதையில் முழங்காலிட்டார்கள். வண்டி கடந்ததும் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டு நடந்தார்கள். லிவிவில் இது அன்றாடம்.

கீவுக்கு இரவு ரயில். நடத்துநர் அம்மா உலோகப் பிடியில் வைத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் கொண்டுவந்தார். நள்ளிரவு தாண்டி வண்டி நின்ற ஊரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தபோது உறக்கம் கலைந்தது. ஷெப்பெத்திவ்கா. தமிழில் ‘வீரம் விளைந்தது’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்த ஊர் தெரியும். அதை எழுதிய நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கி வளர்ந்த ஊர், அதன் நாயகன் பாவெல் கர்ச்சாகின் ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடையில் எடுபிடி வேலை பார்த்த ஊர். தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைத் தொழிற்சங்கத் தோழர்கள் நெஞ்சோடு அணைத்துப் படித்த நாவல் அது. மாஸ்கோ பதிப்பகங்கள் மலிவு விலையில் நமக்குக் கொடுத்த அந்த நூல்களில் நாம் உக்ரைனுக்குள் நடமாடிக்கொண்டே அதை ரஷ்யா என்று நினைத்துப் படித்திருக்கிறோம். அந்த நாவலில் உக்ரைன் சுதந்திரக் குடியரசின் தலைவர் பெத்லியூராவின் படைகள் யூதர்களைக் கொள்ளையடித்துக் கொல்லும் கொள்ளைக்கூட்டமாக மட்டுமே வருகின்றன.

இந்தச் சித்திரம் எவ்வளவு உண்மை என்று கீவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியையிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. “படுகொலைகள் நடந்தன. 1919 பிப்ரவரியில் ப்ரொஸ்குரிவ் ஊரில் எங்கள் குடியரசின் படை சில மணி நேரத்தில் ஆயிரத்து ஐந்நூறு யூதர்கள் வரை கொன்றது. நான் அதை முதலாண்டு வகுப்பிலேயே நடத்துகிறேன். வெள்ளைப் படையும் செம்படையும் செய்தவற்றையும் அதே வகுப்பில் நடத்துகிறேன். உங்கள் நாவலில் முதல் பாதி மட்டும் இருக்கிறது,” என்றார். அந்தக் குடியரசுக்காகப் போராடியவர்களை வெறும் கொள்ளையர் என்று எழுதியது எவ்வளவு பொய்யோ, படுகொலையை மறைத்து அவர்களைப் புனிதர் என்று எழுதுவதும் அவ்வளவு பொய் என்பது அவர் வாதம். அவருடைய வகுப்பும் எச்சரிக்கை ஒலித்தால் கீழே இறங்குகிறது. மாணவர்களில் சிலர் படையில் இருக்கிறார்கள், போர்முனையிலிருந்து கட்டுரை எழுதி அனுப்புகிறார்கள். ஒருவருடைய கட்டுரை மட்டும் இந்தப் பருவத்தில் வரவில்லை. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கீவில் காலை ஒன்பது மணிக்கு இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். நகரமெங்கும் சிலைகள் பற்றிய சண்டை. மக்கள் நட்பு வளைவின் அடியில் நின்ற ரஷ்ய, உக்ரைன் தொழிலாளிகளின் வெண்கலச் சிலையை 2022 ஏப்ரலில் இறக்கினார்கள். தாய்நாட்டுச் சிலையின் கேடயத்திலிருந்த அரிவாள் சுத்தியல் 2023 ஆகஸ்டில் போய்த் திரிசூலச் சின்னம் வந்தது. ரஷ்யப் பேரரசின் பெயர்களை ஊர், தெருக்களிலிருந்து நீக்கும் சட்டமும் அந்த ஆண்டுதான் நடப்புக்கு வந்தது. ஆந்திரியிவ் சரிவுத் தெருவிலுள்ள புல்ககோவ் வீட்டு அருங்காட்சியகத்தை மூட வேண்டும் என்று எழுத்தாளர் சங்கம் சொன்னது, அருங்காட்சியகத்தார் மறுத்தார்கள். கீவில் பிறந்து, உக்ரைன் தனிநாடாவதை வெறுத்து எழுதிய ஒரு பெரிய எழுத்தாளரை என்ன செய்வது? வீட்டைத் திறந்து வைத்து, அந்த வெறுப்பையும் உள்ளே காட்சிப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் வீட்டின் மேல் ஏவுகணை விழுகிறவர்களிடம் இதை அறிவுரையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாபின் யாருக்கும் போனேன். 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 யூதர்கள் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட பள்ளத்தாக்கு. சோவியத் அரசு அங்கே இறந்தவர்கள் யூதர்கள் என்பதையே கல்லில் எழுத விடவில்லை. பக்கத்திலேயே தொலைக்காட்சிக் கோபுரம். 2022 மார்ச் 1 அன்று அதைக் குறிவைத்த ரஷ்ய ஏவுகணையில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்தப் பேச்சு வெளியுலகத்தையும் எட்டியிருக்கிறது. பென் உக்ரைன் எழுத்தாளர் அமைப்பு 2022 முதல் ‘போர் பற்றிய உரையாடல்கள்’ என்ற பெயரில் உள்நாட்டு எழுத்தாளர்களையும் வெளிநாட்டுச் சிந்தனையாளர்களையும் ஜோடி சேர்த்துப் பேச வைத்துவருகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி ஸ்னைடர் அந்த ஆண்டு நடத்திய உக்ரைன் வரலாற்று வகுப்புகளை யூடியூபில் யாரும் பார்க்கலாம். லிவிவின் யாரோஸ்லாவ் ஹ்ரித்ஸாக், ஹார்வர்டின் செர்ஹி ப்ளோகி ஆகியோரின் நூல்கள் ஆங்கிலத்திலும் வந்துவிட்டன. உக்ரைனைப் பற்றி மாஸ்கோ வழியாகவே அறிந்துகொண்ட உலகம், முதல் முறையாக உக்ரைனியரிடமே கேட்கத் தொடங்கியிருக்கிறது. இதற்கு இவ்வளவு சாவு வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை.

கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இங்கே சில சமயம் குண்டு விழுந்த பிறகே எச்சரிக்கை ஒலிக்கிறது. பள்ளிக்கூடங்கள் மெட்ரோ நிலையங்களுக்குள்ளும், பூமிக்கடியில் புதிதாகக் கட்டிய கட்டடங்களிலும் நடக்கின்றன. 1934 வரை சோவியத் உக்ரைனின் தலைநகரம் இதுதான். 1920-களில் உக்ரைன் மொழியில் நவீன இலக்கியமும் நாடகமும் பொங்கி எழுந்ததும் இங்கேதான். அந்த எழுத்தாளர்களுக்காக 66 குடியிருப்புகளோடு ஒரு வீடு கட்டினார்கள். அதன் பெயர் ஸ்லோவோ.

அந்த வீட்டின் முன் வெகுநேரம் நின்றேன். மஞ்சள் சாயலுள்ள ஐந்து மாடி. 2022 மார்ச்சில் குண்டடிபட்ட இடங்களில் சில ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருக்கிறது. கிராமங்களில் பஞ்சத்தால் லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, கைதுகள் இந்த மாடிப்படிகளில் ஏறிவந்தன. நண்பர் ஒருவரைக் கைது செய்த மறுநாள், 1933 மே 13 அன்று, மிகோலா ஹ்விலோவி நண்பர்களைத் தன் குடியிருப்புக்கு அழைத்துவிட்டு அடுத்த அறையில் தன்னைச் சுட்டுக்கொண்டார். மற்றவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோனார்கள். நாடக இயக்குநர் லெஸ் குர்பாஸ், எழுத்தாளர்கள் மிகோலா குலிஷ், வலேரியன் பித்மொஹில்னி ஆகியோரை 1937 நவம்பர் 3 அன்று வடக்கே கரேலியாவின் சந்தர்மோஹ் காட்டில் சுட்டுப் புதைத்தார்கள். அறுபது ஆண்டு அந்த இடம் யாருக்கும் தெரியாது. 1997-இல் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் யூரி திமித்ரியெவ் என்ற ரஷ்யர். அவர் இப்போது ரஷ்யச் சிறையில் பதினைந்து ஆண்டுத் தண்டனையில் இருக்கிறார். அவர் சார்ந்த ‘மெமோரியல்’ அமைப்பை ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் கலைத்தது. ரஷ்யாவில் வரலாற்றாளர்களின் நிலை என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

கார்கிவ் இலக்கிய அருங்காட்சியகம் இந்தத் தலைமுறையின் நினைவைக் காத்துவருகிறது. போரின் நடுவிலும் அங்கே கூட்டங்களும் கண்காட்சிகளும் நடக்கின்றன. அதற்குக் கைமாறிய கையெழுத்துப் பிரதிகளில் ஒன்று வொலோதிமிர் வாக்குலென்கோவின் நாட்குறிப்பு. இசியூம் அருகே கப்பித்தோலிவ்கா கிராமத்தில் வாழ்ந்த சிறுவர் இலக்கிய எழுத்தாளர் அவர். ஆட்டிசம் உள்ள மகனை வைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போக முடியவில்லை. ஆக்கிரமிப்பு நாட்களில் எழுதிய தாள்களைச் சுருட்டிக் கட்டித் தோட்டத்துச் செர்ரி மரத்தடியில் புதைத்தார். 2022 மார்ச்சில் ரஷ்யப் படையினர் அவரைக் கொண்டுபோனார்கள். அந்தப் பகுதி மீட்கப்பட்ட பிறகு, செப்டம்பரில், அவருடைய அப்பாவும் நாவலாசிரியர் விக்டோரியா அமெலினாவும் அந்தத் தாள்களைத் தோண்டி எடுத்தார்கள். இசியூம் காட்டிலிருந்த கல்லறைகளில் 319 என்று எண்ணிட்டதில் இருந்தது வாக்குலென்கோவின் உடல் என்று பின்னர் மரபணுச் சோதனையில் தெரிந்தது.

அமெலினா நாவல் எழுதுவதை விட்டுவிட்டுப் போர்க்குற்றங்களைப் பதிவு செய்யும் வேலைக்கு வந்தவர். தங்கள் காலத்திலும் ஓர் எழுத்தாளர் தலைமுறை கொல்லப்படுகிறதோ என்ற அச்சத்தை 2022-இலேயே எழுதியிருந்தார். 2023 ஜூன் 27 அன்று ஹெக்டர் அபாத் உள்ளிட்ட கொலம்பிய எழுத்தாளர்களைக் கிழக்கே அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, கிராமத்தோர்ஸ்க் நகரின் உணவகம் ஒன்றில் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். ஏவுகணை விழுந்தது. ஜூலை 1 அன்று இறந்தார். வாக்குலென்கோ பிறந்த தேதியும் அதுதான். அமெலினாவின் கல்லறை லிச்சாகிவில் இருக்கிறது. நான் லிவிவில் அங்கே போனது அதற்காகத்தான். முடிக்காமல் விட்டுப்போன அவருடைய ஆங்கில நூலுக்கு 2025-இல் ஆர்வெல் பரிசு கிடைத்தது.

வாக்குலென்கோவின் நாட்குறிப்பு அமெலினாவின் முன்னுரையோடு 2023-இல் புத்தகமானது. வெளியிட்டது கார்கிவின் விவாத் பதிப்பகம். அந்தப் பதிப்பகத்தின் நூல்களை அச்சிடும் ஃபாக்டர் த்ரூக் அச்சகத்தை 2024 மே 23 அன்று ரஷ்ய ஏவுகணைகள் தாக்கின. ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பிரதிகள் எரிந்தன. கார்கிவில் ஒரு புத்தகக்கடையில் அந்த நாட்குறிப்பை வாங்கினேன். கடைக்காரப் பெண் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, உங்கள் மொழியில் எங்கள் புத்தகம் என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். ஒஸ்திரோவ்ஸ்கியைச் சொன்னேன். “சரி. இதையும் கொடுங்கள் உங்கள் ஆட்களுக்கு,” என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அமெலினாவின் நூலும் ப்ளோகி, ஹ்ரித்ஸாக் வரலாறுகளும் ஆங்கிலத்தில் இன்றைக்கே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்குள் தமிழில் கொண்டுவாருங்கள்.